மஞ்சு வந்து உட்காரும் வீடு

பிரிட்டோ வாங்கிய பிளாஸ்மா டிவி, வத்தலக்குண்டுக் கடையில் ஓடவிட்டுக் காட்டியபோது வாய் திறக்கவில்லை, மலையடிவாரத்துக் காட்ரோட்டில் காசிமாயனின் ஜீப்பில் ஏறியபோது வாய் திறக்கவில்லை, டம்டம் பாறையில் டீக்கு நிறுத்தியபோதும் பெருமாள்மலையில் உரமூட்டைக்கு இடம்விட்டு ஓரமாகச் சாய்ந்துகொண்டபோதும் புதுப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேதான் வந்தது. ஆனால் கொடைக்கானலையும் தாண்டி இன்னும் மேலே, பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் மஞ்சு என்கிற மூடுபனி மட்டுமே விளைகிற ஆனைச்சாவடிக்கு வந்து, எமல்டாவின் வீட்டு நடுச்சுவரில் தொங்கி, ஸ்விட்சையும் போட்ட பிறகு, படம் வருவதற்கு முன்னாலேயே அதன் முதுகிலிருந்து உம்ம்ம் என்று ஒரு சத்தம் கிளம்பி, சுவரில் ஏறி, பரணில் கட்டித் தொங்கிய பூண்டுக் கொத்துகளைத் தொட்டு, சமையல்கட்டில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை எல்லாம் லேசாக நடுங்க வைத்தது.

"ஆஃப் பண்ணுங்க," என்றாள் எமல்டா. "பிள்ளை மூச்சு கேக்கல."

மூச்சுதான் அவளுடைய கவலை. நாள் நிறைவதற்குள் ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட அமலியை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, ஒருவழியாகக் கையில் கொடுத்தபோது, டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தார்: குளிர் படக்கூடாது, மஞ்சு வீட்டுக்குள் வரக்கூடாது, நெஞ்சுக்குள் விசில் கேட்டால் நேரம் காலம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். அன்றிலிருந்து எமல்டா கதவடியில் சாக்கைத் திணித்து, ஜன்னல் இடுக்கில் பேப்பரை ஒட்டி, குழந்தையை மடியில் போட்டுக் காதை அதன் நெஞ்சுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு உள்ளே போனால் அது வெளியே வருகிறவரைக்கும் பயம், வெளியே வந்தால் மறுபடி உள்ளே போகிறவரைக்கும் பயம். கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். தண்ணீர் கேட்டாலும் 'ப்ளீஸ்' போட்டுக் கேட்பாள் என்பதால் திமிர் பிடித்தவள் என்று ஊர் ஒதுங்கி இருந்தது, ஊர் எல்லாவற்றையும் கத்திப் பேசுகிறது என்பதால் அவளும் ஒதுங்கி இருந்தாள். அந்தத் தனிமைக்குத் துணையாகத்தான், பூண்டு நல்ல விலைக்குப் போன அந்த வருஷம், அவள் கணவன் பிரிட்டோ டிவியைக் கொண்டுவந்தான்.

பக்கத்து வீட்டுக் காந்திமதி வந்து பார்த்தாள். அவள் இந்த மலையில் ஒரு வார்த்தை பேசினால் அந்த மலையில் களை எடுக்கிறவர்கள் பதில் சொல்வார்கள், அப்படி ஒரு குரல். "எர்த்து சரியில்ல தம்பி," என்று தீர்ப்புச் சொன்னாள். பிரிட்டோ கொல்லையில் குழி வெட்டி, உப்பும் அடுப்புக்கரியும் போட்டு, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான். குழியைச் சுற்றிப் புல் கருகியதே தவிர இரைச்சல் குறையவில்லை. கேபிள்காரர் ரபீக் வயரை மாற்றிப் பார்த்துவிட்டு, "சவுண்டைக் கூட்டி வச்சா அது கேக்காது," என்று வழி சொல்லிவிட்டுப் போனார். கழற்றி ஜீப்பில் ஏற்றி வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோனால், அங்கே அது மறுபடி ஊமை. கடைக்காரர் டிவியின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பிரிட்டோவின் காதைச் சந்தேகமாகப் பார்த்தார். மேலே கொண்டுவந்தால் உம்ம்ம். இரண்டாம் தடவை போனபோது அங்கிருந்த மெக்கானிக், "மேட்டுல காத்து லேசு, இதுக்குள்ள அடைச்ச கேஸு முண்டிக்கிட்டு நிக்குது, வெள்ளைப் படம் வந்தா இன்னும் இரையும், பழகிக்குங்க," என்றார். காரணம் தெரிந்ததில் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. ஆனால் வெள்ளைப் படம் பற்றி அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வேட்டி விளம்பரத்துக்கு ஓங்கி இரைந்தது, பேய்ப் படத்துக்கு முணுமுணுத்தது.

ஐப்பசி பிறந்து, மத்தியானம் சாப்பாட்டுக் கை காய்வதற்குள் மஞ்சு இறங்கிவிடுகிற நாட்கள் வந்தன. அப்படி ஒரு மத்தியானம், சோப்புத்தூள் விளம்பரத்தில் கொடி நிறைய வெள்ளைச் சட்டைகள் காற்றில் ஆட, டிவி தன்னால் முடிந்த மட்டும் இரைந்துகொண்டிருந்தபோது, கதவடியில் இருந்த சாக்கு மெதுவாக நகர்ந்தது. மஞ்சு உள்ளே வந்தது. வழி தவறி வந்த மாதிரி வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுகிற ஆள் போல ஒரு நிமிஷம் தயங்கி நின்றுவிட்டு, சுவரோரமாகவே வந்து, டிவிக்கு எதிரே பாயில் உட்கார்ந்தது. முன்னால் வந்தது நகர்ந்து பின்னால் வந்ததற்கு இடம் கொடுத்தது. அதற்கும் பின்னால் தெருவில் இருந்ததும், பூண்டுக் காட்டில் இருந்ததும், பள்ளத்தில் இருந்ததும் வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

எமல்டா அமலியைக் கம்பளியில் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்கதவு வழியாகக் காந்திமதியின் சமையல்கட்டுக்குள் போய் விழுந்தாள்.

"வீட்டுக்குள்ள மஞ்சு வந்துருச்சுக்கா."

"வந்தா வரட்டும். நீ அடுப்புகிட்ட வா," என்று மணையை இழுத்துப் போட்ட காந்திமதி, விறகு எடுக்க வெளியே போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி எதிர்மலை பளிச்சென்று நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் ஊரில் யாரும் பெயர் வைத்திராத ஒன்று. "கல்யாணமாகி வந்த நாளா ஐப்பசில நான் எதுத்த மலையப் பாத்ததில்லடி," என்றாள்.

எப்போதும் ஹாரனில் ஒரு கையை வைத்துக்கொண்டே வரும் பஸ் டிரைவர் தவமணி, அன்று சாயங்காலம் சத்தமில்லாமல் வந்து நிறுத்திவிட்டு, "என்னப்பா, மஞ்சைக் காணோம்?" என்று கேட்டார்.

"எமல்டா வீட்ல டிவி பாக்குது," என்றார்கள், டீக்கடை வாசலில் பூண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்கள்.

தவமணி போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாக, நெருக்கியடித்து, அசையாமல் இருந்தது. "சரி, பாக்கட்டும்," என்று டீ குடிக்கப் போனார்.

டிவியைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று எமல்டா பிரிட்டோவிடம் சொன்னாள். கொடுக்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர் வாசலில் வந்து நின்றது. யாரும் அதட்டவில்லை. தவமணிதான் பேசினார். போன கார்த்திகையில் கொண்டை ஊசி வளைவில் காய்கறி வேன் கவிழ்ந்ததையும், வேனுக்குள் இருந்தவர்களில் பாதிப்பேர் அந்த ஊர்க்காரர்கள் என்பதையும் அவளுக்குத் தெரியாதது மாதிரி மெதுவாகச் சொல்லிவிட்டு, "இன்னைக்கு ரோடு தெரிஞ்சுச்சும்மா. வெள்ளைக்கோடு இருக்குன்னே இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்," என்றார்.

"பிள்ளைக்குக் குளிர் ஆகாதுண்ணா," என்றாள் எமல்டா. அதைச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"பிள்ளைக்கு ஒரு சூடான வீடு வேணும், அவ்வளவுதான?" என்றாள் காந்திமதி. "என் வீடு இருக்கு. எதுத்த வீடு இருக்கு. அதுக்கு மேல நர்சம்மா வீடு இருக்கு. மஞ்சு உன் வீட்ல இருக்கட்டும், பிள்ளை எங்க வீட்ல இருக்கட்டும். யாரு கேக்கப் போறா?"

அப்படித்தான் அது நடந்தது. மத்தியானமானால் எமல்டா டிவியைப் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கு எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுக்குப் போனாள். மஞ்சு மலையை விட்டு இறங்கி அவள் வீட்டுக்குப் போனது. பஸ் ஹாரன் அடிக்காமல் வந்தது, காயப்போட்ட பூண்டு அன்றே காய்ந்தது, ஈரத்தில் அழுகுகிற உருளைக்கிழங்கு அழுகவில்லை. வந்தவர்களைச் சும்மா உட்கார வைப்பது முறையில்லை என்று யாரோ ஒரு தூக்குப்போணியில் சுக்குக் காப்பி கொண்டுபோய் வாசலுக்குள் வைத்தார்கள். சாயங்காலம் எடுக்கும்போது போணி காலியாகவும் குளிர்ந்தும் இருந்தது. மஞ்சுக்குச் சண்டைப் படம் பிடிக்காது, கலர் உடுப்புக் கிரிக்கெட்டை விட வெள்ளை உடுப்புப் போட்டு நாள் கணக்கில் ஆடுகிற கிரிக்கெட் பிடிக்கும், செய்தி வந்தால் பாதி எழுந்து போய்விடும் என்பதெல்லாம் ஊரில் சின்னப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்தது. வியூ பாயிண்டில் மக்காச்சோளம் சுட்டு விற்கிற ஆள் மட்டும் வந்து, மஞ்சு பார்க்க வந்த டூரிஸ்ட்டுகள் தன்னிடம் சண்டைக்கு வருகிறார்கள் என்று முறையிட்டார். அதுவும் நியாயம்தான் என்று, ஞாயிற்றுக்கிழமை டிவியைப் போடுவதில்லை என்று முடிவானது. சர்ச்சில் பங்குச்சாமியிடம் கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு மஞ்சுக்கும் நல்லதுதான் என்றார்.

எமல்டாவுக்குத்தான் மெதுவாகப் பிடிபட்டது. காந்திமதி வீட்டு அடுப்போரம், நர்சம்மா செல்வராணி வீட்டுக் கட்டில், எதிர்வீட்டுப் பூண்டு அறையின் வைக்கோல் மெத்தை என்று அமலி மடி மாறி மடி மாறி வளர்ந்தாள். முதலில் எமல்டா யார் மடியில் குழந்தை இருந்தாலும் காதை நீட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு நாள் காந்திமதி, "நீ தூங்குடி, நான் கேக்கறேன். எங்காதுல என்ன ஓட்டையா?" என்று அதட்டியபோது, சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் தூங்கிய முதல் தூக்கம் அது. விழித்துப் பார்த்தபோது காந்திமதி அதே இடத்தில், கால் மரத்துப்போனாலும் நகராமல், குழந்தையின் நெஞ்சில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. மரங்கள் விழுந்து கம்பி அறுந்து ஊரில் கரண்டு போனது. இரைச்சல் இல்லாத வீட்டில் மஞ்சுக்கு என்ன வேலை. அது தன் பழைய இடங்களுக்கே, ரோட்டுக்கும் பள்ளத்துக்கும் கூரைக்கும், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. அதில் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் இத்தனை நாள் வராதது எல்லாம் சேர்ந்து வந்த மாதிரி அவ்வளவு கனம், அவ்வளவு ஈரம். பிரிட்டோ பூண்டோடு கீழே சந்தைக்குப் போனவன் கீழேயே மாட்டிக்கொண்டான். கம்பியை இழுத்துக் கட்டி, கரண்டு வருவதும் போவதுமாக இருந்த ஒரு மத்தியானம், அமலியின் நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

செல்வராணி வந்து குழந்தையின் விலாவையும் உதட்டையும் பார்த்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. "இங்க எங்கிட்ட ஆக்ஸிஜன் இல்ல," என்றாள். "இப்பவே கிளம்பணும். நானும் வர்றேன்."

காசிமாயன் ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான். கொண்டுவந்தவன் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். அந்த மலையில் மஞ்சு இப்படி அடைத்தால் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஆள் தோளில் சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பான், வண்டி அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஊர்ந்து வரும். "துண்டு போட்டுப் போனா டவுனுக்குப் போய்ச் சேர விடிஞ்சிரும்க்கா," என்றான் காசிமாயன், செல்வராணியிடம், எமல்டாவைப் பார்க்காமல்.

காந்திமதி திரும்பி நடந்தாள். எமல்டாவின் வீட்டுக்குள் போய் ஸ்விட்சைப் போட்டாள். கரண்டு இருந்தது. "வெள்ளையா எதாச்சும் வையுங்கடி," என்று அவள் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. யாரோ சானலை மாற்றி மாற்றிப் போய், பனி தவிர வேறொன்றும் இல்லாத ஏதோ ஒரு தேசத்தில் வெள்ளைக் கரடி ஒன்று நடந்து போகிற படத்தில் நிறுத்தினார்கள். டிவி அதுவரை இரையாத அளவுக்கு இரைந்தது.

மஞ்சு எழுந்தது.

ஜீப் இறங்க ஆரம்பித்தது. எமல்டா பின்சீட்டில், சட்டைக்குள் தோலோடு தோலாகக் குழந்தையை வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தாள். தேர் பார்க்கப் போகிற கூட்டம் மாதிரி மஞ்சு எதிரே வந்துகொண்டிருந்தது. ஜீப்புக்கு இடம்விட்டு இரண்டு பக்கமும் பிரிந்து, ஜன்னலை உரசி, மேலே மேலே ஏறிப் போனது. அது போன இடத்தில் ரோடு இருந்தது, ரோட்டோரத்தில் கல் இருந்தது, கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லாத பள்ளம் இருந்தது. காசிமாயன் கியரை மாற்றி மாற்றி இறக்கினான். அமலியின் மூச்சு ஈர விறகு எரிகிற மாதிரி வந்தது, நின்றது, வந்தது. "பாப்பாவோட பேசிக்கிட்டே இரு," என்றாள் செல்வராணி. எமல்டாவுக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்தால் அடுத்த வரி வரவில்லை, அதனால் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பக் குழந்தையின் உச்சியில் சொன்னாள்.

கொண்டை ஊசி வளைவுக்கு வந்தபோது மஞ்சு நின்றது.

மேலே போய்க்கொண்டிருந்தது அப்படியே நடையை நிறுத்தி, யாரோ கூப்பிட்டதைப் பாதியில் மறந்தது மாதிரி அங்கேயே நின்றது; பிறகு முன்வரிசை திரும்பியது, கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டில் இறங்கிப் படுத்தது. காசிமாயன் பிரேக்கை மிதித்தான். முன் கண்ணாடி முழுக்க வெள்ளை. பள்ளம் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. "கரண்டு போயிருச்சு போல," என்றான் மெதுவாக. செல்வராணி குழந்தையின் நாடியைப் பிடித்தாள், பிடித்த விரலை எடுக்கவில்லை. எமல்டா அழவில்லை, அழுதால் அந்தச் சத்தத்தில் மூச்சு கேட்காமல் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அப்போது மஞ்சு தலையைத் தூக்கியது. கேட்டது. இன்னொரு தடவை கேட்டது. பிறகு, ஜன்னலை உரசிக்கொண்டு, முன்னைவிட வேகமாக, ஓட்டமும் நடையுமாக மேலே ஏறியது. ரோடு வந்தது. காசிமாயன் டவுன் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பிரேக்கைத் தொடவில்லை.

அங்கே குழந்தையின் முகத்தைவிடப் பெரிய முகமூடியை அதன் முகத்தில் வைத்தார்கள், புகை மாதிரி மருந்தை உள்ளே அனுப்பினார்கள். எமல்டா வராந்தாவில் நின்று கதவைப் பார்த்தாள். இருட்டுவதற்கு முன்னால் டாக்டரம்மா வெளியே வந்து, "நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க. இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா," என்று பாதியில் விட்டுவிட்டு அவள் தோளைத் தட்டினார். உள்ளே அமலியின் உதடு உதட்டின் நிறத்துக்கு வந்திருந்தது. எமல்டா அதைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு தொட்ட விரலைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள். மறுநாள் பிரிட்டோ கீழேயிருந்து நடந்தும் ஏறியும் வந்து சேர்ந்து, குழந்தையைப் பார்த்துவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான்.

குழந்தை தேறியதும் தவமணியின் பஸ்ஸில் ஏறி ஊருக்கு வந்தார்கள். தவமணி எதுவும் பேசவில்லை. அமலியின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு வண்டியை எடுத்தார். ஊரில் இறங்கினால் அங்கேயும் யாரும் பேசவில்லை. டீக்கடையில் கையைக் காட்டி டீ வாங்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள், தலையை ஆட்டினார்கள், தொண்டையைத் தொட்டுக் காட்டினார்கள். என்றைக்கும் கத்திப் பேசுகிற ஊர் துணி எடுத்துவிட்ட கொடி மாதிரி சும்மா இருந்தது.

எமல்டா காந்திமதியின் சமையல்கட்டுக்குப் போனாள். காந்திமதி அமலியை வாங்கி, முகர்ந்து, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். திருப்தியானதும் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"என்னக்கா ஆச்சு உங்களுக்கு?"

பக்கத்தில் வரச் சொல்லிக் காதுக்குள் ஊதுகிற குரலில் சொன்னாள். கரண்டு பாதியிலேயே போய்விட்டது. கரடி போய்விட்டது, சத்தம் போய்விட்டது, வீட்டுக்குள் வந்திருந்த மஞ்சு எழுந்து வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது. ஜீப் எந்த வளைவில் இருக்கிறதோ யாருக்கும் தெரியாது. "எனக்கு ஒண்ணும் தோணலடி. வாய மூடிக்கிட்டு உம்ம்னு இரைஞ்சேன். தினமும் கேக்குற சத்தம்தான. உடனே எதுத்த வீட்டுக்காரியும் இரைஞ்சா. அப்புறம் ஊரே வந்துருச்சு. வீடு கொள்ளல, தெருவுல நின்னு இரைஞ்சாங்க. மஞ்சு எங்க மூஞ்சியையே ஒவ்வொண்ணா பாத்துச்சு. இதுக இரையுதா, டிவி இரையுதான்னு. போனாப் போகுதுன்னு உக்காந்துருச்சு."

"எவ்வளவு நேரம்க்கா?"

"காசிமாயன் ஆஸ்பத்திரிலருந்து போன் பண்ற வரைக்கும். டவர் கிடைக்கல அவனுக்கு, எடுபட்ட பய. ஒருத்தருக்கு மூச்சு முட்டுனா அடுத்த ஆளு புடிச்சுக்கிட்டோம். விடல." மூச்சு வாங்கிக்கொண்டு, "மக்காச்சோளக்காரன்தான் நல்லா இரைஞ்சான். அவனுக்கு மூக்கடைப்பு," என்றாள்.

எமல்டா எழுந்து நின்றாள். ஹாஸ்டலில் பழக்கியிருந்த மாதிரி, கையைக் கூப்பி, இந்த வீட்டில் தொடங்கி ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் தயார் செய்துகொண்டு, "நன்..." என்று ஆரம்பித்தாள். காந்திமதி குழந்தையை இடுப்புக்கு மாற்றி, மற்றக் கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாத. இந்த ஊர்ல நன்றி சொன்னா, கொடுக்கல் வாங்கல் முடிஞ்சுது, இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு அர்த்தம். உறவு வேணும்னா இன்னும் எதாச்சும் கேளு."

வாயைப் பொத்திய கையில் பூண்டு வாசம் அடித்தது. எமல்டா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு மணையை இழுத்துப் போட்டு அடுப்போரம் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"பசிக்குதுக்கா. சாப்பிட என்ன இருக்கு?"

காந்திமதியின் முகம் அகலமானது. சோற்றுப் பானை மூடியைத் திறந்தாள், கரண்டியால் பானை விளிம்பை எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி தட்டினாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குழம்புச் சட்டி வந்தது, அதற்கு மேல் வீட்டிலிருந்து பூண்டு ஊறுகாய் வந்தது, யார் வீட்டிலிருந்தோ சுட்ட அப்பளம் வந்தது. வந்தவர்கள் யாரும் பேசவில்லை, வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமலி யார் மடியிலோ இருந்தாள். எமல்டா நிமிர்ந்து யார் மடி என்று பார்க்கவில்லை. தட்டு காலியானதும், கூச்சப்படாமல், மறுபடி நீட்டினாள்.